8+8 என்றால் 16 இல்லை: போன் வாங்கப் போகிறவர்களுக்கு ரேம் பற்றி

ஹட்டனிலோ தலவாக்கலையிலோ பண்டாரவளையிலோ ஒரு போன் கடைக்குள் போய்ப் பாருங்கள். கண்ணாடிக்குள் அடுக்கி வைத்திருக்கும் போன்களின் ஸ்டிக்கரில் முதலில் கண்ணில் படுவது இரண்டு விஷயம்தான், ஒன்று கமெரா எத்தனை மெகாபிக்சல், மற்றது ரேம் எத்தனை ஜிபி. கமெராக் கதையை இன்னொரு நாளைக்கு வைத்துக்கொள்வோம். "16ஜிபி ரேம்" என்று பெரிய எழுத்தில் போட்டு, அதற்குக் கீழே எறும்பு அளவில் "8+8" என்று அச்சடித்திருப்பார்களே, அதைப் பற்றித்தான் இப்போது கதைக்கப் போகிறேன். அந்த + குறிக்கு முன்னால் இருப்பது ஒரு பொருள், பின்னால் இருப்பது வேறு பொருள். இரண்டையும் கூட்டவே கூடாது.

சரி, அடியிலிருந்து வருவோம். போனுக்குள் தகவல் தங்க இரண்டு இடங்கள் இருக்கின்றன. ஒன்று ஸ்டோரேஜ். நீங்கள் எடுத்த போட்டோ, கோயில் திருவிழா வீடியோ, வட்ஸ்அப்பில் வந்த குரல் பதிவு, போனில் போட்ட ஆப்கள் எல்லாம் அங்கேதான் கிடக்கும். பற்றரி செத்துப்போய் ஒரு மாதம் மேசை லாச்சியில் கிடந்தாலும் அழியாது. மற்றது ரேம். இந்த நிமிடம் திறந்திருக்கும் ஆப் வேலை செய்வதற்கான இடம் அது. போனை அணைத்தால் அதில் இருந்தது எல்லாம் போய்விடும், மறுபடி போடும்போது வெறும் இடமாகத்தான் தொடங்கும். பெட்டியில் 64, 128, 256 என்று இருப்பது ஸ்டோரேஜ்; 4, 6, 8, 12 என்று இருப்பது ரேம்.

பஜாரில் இருக்கும் பலசரக்குக் கடையை நினைத்துக்கொள்ளுங்கள். முதலாளிக்கு முன்னால் ஒரு மேசை, கடைக்குப் பின்னால் மூட்டை மூட்டையாகச் சாமான் அடுக்கிய ஸ்டோர் ரூம். ஆள் வந்து பருப்பு கேட்டால் ஸ்டோரில் இருந்து எடுத்து வந்து மேசையில் வைத்துத்தான் நிறுத்துக் கொடுக்க முடியும். ஸ்டோர் எவ்வளவு பெரிதாக இருந்தாலும் மேசை சின்னதென்றால் ஒரே நேரத்தில் இரண்டு பேருக்கு மேல் சாமான் போட முடியாது. மேசைதான் ரேம், ஸ்டோர் ரூம்தான் ஸ்டோரேஜ்.

அப்படியென்றால் எல்லாவற்றையும் ரேமாகவே செய்துவிட்டால் என்ன என்று கேட்கலாம். இரண்டும் உள்ளே வேறு வேறு விதமாக வேலை செய்கின்றன, அதுதான் சிக்கல். ரேமில் ஒவ்வொரு பிட்டும், அதாவது 0 அல்லது 1 என்ற ஆகச் சின்னத் தகவல் துண்டும், ஒரு மிகச் சிறிய மின்தேக்கியில் கொஞ்சம் மின்னேற்றமாக நிற்கிறது. அது நிற்க நிற்கக் கசிந்துகொண்டே இருக்கும், அதனால் ஒரு செக்கனுக்குள் பல தடவை அதைத் திரும்பத் திரும்பப் புதுப்பிக்க வேண்டும். ஒரு டிரான்சிஸ்டர் (மிகச் சிறிய மின் சுவிட்ச்), ஒரு மின்தேக்கி என்ற இந்த அமைப்பை 1960களில் ஐபிஎம் என்ற அமெரிக்கக் கம்பியூட்டர் கம்பனியில் வேலை செய்த ராபர்ட் டெனார்ட் உருவாக்கினார், இன்றைக்கு உங்கள் கையில் இருக்கும் போனிலும் அடிப்படை அதேதான். ஸ்டோரேஜில் இருப்பது பிளாஷ். அதில் எலக்ட்ரோன்களை ஒரு காப்புறைக்குள் சிறைப்பிடித்து வைத்துவிடுகிறார்கள், மின்சாரம் இல்லாவிட்டாலும் அவை அங்கேயே கிடக்கும். அதை உருவாக்கியவர் 1980களில் ஜப்பானின் தோஷிபா கம்பனியில் இருந்த பூஜியோ மசுவோகா. சிறைப்பிடிப்பதும் திறந்து பார்ப்பதும் மெதுவான வேலை. ரேமில் ஒரு தகவலை எட்டி எடுக்க ஏறத்தாழ 100 நானோசெக்கன் (ஒரு செக்கனை நூறு கோடியாகப் பிரித்தால் ஒரு துண்டு ஒரு நானோசெக்கன்) போதும், பிளாஷில் அதே வேலைக்குப் பத்துக்கணக்கான மைக்ரோசெக்கன் (ஆயிரம் நானோசெக்கன் ஒரு மைக்ரோசெக்கன்) போகும், அதாவது சில நூறு மடங்கு தாமதம், சில நேரம் ஆயிரம் மடங்கையும் தாண்டும். பதிலுக்கு, ஒரு ஜிபி பிளாஷின் விலை ஒரு ஜிபி ரேமின் விலையை விட எவ்வளவோ குறைவு. அதனால்தான் போனில் ரேம் கொஞ்சமாகவும் ஸ்டோரேஜ் நிறையவும் இருக்கிறது.

ரேம் நிறைந்துவிட்டால் என்ன நடக்கும்? போன் உடனே நின்றுவிடாது. அன்ட்ரொய்ட் முதலில் ஒரு தந்திரம் செய்யும், பின்னால் சும்மா கிடக்கும் ஆப்களின் தகவலைச் சுருக்கி, ரேமிலேயே ஒரு மூலையில் வைத்துக்கொள்ளும். 2013இல் வந்த அன்ட்ரொய்ட் 4.4 காலத்திலிருந்தே இந்த வசதி இருக்கிறது. அதுவும் போதாது என்றால் நீங்கள் கடைசியாகத் தொட்டு நெடுநேரம் ஆன ஆப்பைக் கொன்றுவிடும். ஐகான் அப்படியே இருக்கும், அண்மையில் திறந்த ஆப்களின் வரிசையிலும் படம் தெரியும், தொட்டால் முதலில் இருந்து திறக்கும்.

இது பெரிய விஷயமா என்று கொழும்பில் இருப்பவர் கேட்கலாம். மலையகத்தில் இருக்கும் எங்களுக்குப் பெரிய விஷயம்தான். கொல்லப்பட்ட ஆப் மறுபடி திறக்கும்போது முன்பு பார்த்த பக்கத்தைத் திரும்ப இணையத்தில் இருந்து இழுக்க வேண்டும். மலைக்கு அந்தப் பக்கம் டவர், இந்தப் பக்கம் லயம், போனில் ஒரு கோடு சிக்னல். அந்த நிலைமையில் பக்கம் மறுபடி வருவதற்குள் தேத்தண்ணி ஆறிவிடும், டேட்டாவும் இரண்டு தடவை போகும். ஒன்லைனில் ஒரு விண்ணப்பப் படிவத்தை அரை மணித்தியாலம் செலவழித்து நிரப்பி, அடையாள அட்டை இலக்கம், பாடசாலை முகவரி எல்லாம் அடித்து முடித்து, ஓடிபி வந்திருக்கிறதா என்று மெசேஜைத் திறந்து பார்த்துவிட்டுத் திரும்பி வந்தால் படிவம் வெறுமையாக இருக்கும் பாருங்கள், அதுதான் ரேம் பற்றாக்குறை. பிள்ளைகள் "வெப்சைட் சரியில்லை" என்று திட்டுவார்கள். வெப்சைட் பாவம். மெசேஜ் ஆப்புக்கு இடம் கொடுக்க பிரவுசரைப் போனே தூக்கி எறிந்துவிட்டது.

இப்போது + குறிக்கு வருவோம்.

கம்பனிக்குக் கம்பனி பெயர் வேறு. சாம்சங் இதை ரேம் பிளஸ் என்கிறது, ஷவோமி மெமரி எக்ஸ்டென்ஷன் என்கிறது, விவோ, ஒப்போ, ரியல்மி எல்லோரிடமும் ஏதோ ஒரு பெயரில் இருக்கிறது. வேலை ஒன்றுதான்: ஸ்டோரேஜில் 4 ஜிபியோ 8 ஜிபியோ ஒதுக்கிவைத்து, ரேம் நிறையும்போது பின்னால் கிடக்கும் ஆப்களின் தகவலை அங்கே கொண்டுபோய்க் கொட்டுவது. கம்பியூட்டர்களில் இது பல பத்து வருடமாக இருக்கும் பழைய முறைதான். கடை முதலாளி மேசை பற்றவில்லை என்று ஸ்டோர் ரூமுக்குள் ஒரு ஸ்டூலைப் போட்டுவிட்டு "எனக்கு இரண்டு மேசை இருக்கிறது" என்று போர்டு மாட்டினால் எப்படி இருக்கும்? ஸ்டூலில் சாமான் வைக்கலாம், உண்மை. ஆனால் அதன் மேல் வைத்து யாருக்கும் நிறுத்துக் கொடுக்க முடியாது, மறுபடி மேசைக்குத் தூக்கி வரத்தான் வேண்டும். உண்மையான ரேமுக்கு வராமல் எந்த ஆப்பும் ஓடாது.

ஒரு தடவை ஹட்டன் டவுனில் ஒரு கடையில் சார்ஜர் வாங்க நின்றிருந்தேன். பக்கத்தில் தோட்டத்திலிருந்து வந்த ஓர் அக்கா, மகள் உயர்தரம் படிக்கிறாளாம், ஒன்லைன் வகுப்புக்குப் போன் வேண்டும், சீட்டுக் காசு கையில் வந்திருக்கிறது. கடைத் தம்பி ஒரு போனை எடுத்து, "அக்கா, இது 16ஜிபி ரேம், ஐபோனில்கூட இவ்வளவு கிடையாது" என்றான். எனக்கு வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்க முடியவில்லை. "தம்பி, அந்த செட்டிங்ஸைக் கொஞ்சம் திறந்து காட்டுங்களேன்" என்றேன். திறந்தான், கடைசியில் இருக்கும் "போனைப் பற்றி" என்ற இடத்தில் ரேம் என்ற வரியில் 8.00 + 8.00 என்று தெளிவாக இருந்தது. பக்கத்தில் இருந்த இன்னொரு போனை எடுக்கச் சொன்னேன். ஸ்டிக்கரில் 12, உள்ளே 4 + 8. அந்த அக்கா என்னைப் பார்த்து, "அப்ப தம்பி, முன்னால இருக்கிறதை மட்டும் பார்த்தா சரியா?" என்று கேட்டார். அவ்வளவுதான் அக்கா, அதுதான் முழுப் பாடமும்.

கடைத் தம்பி பொய் சொன்னான் என்று சொல்ல மாட்டேன், ஸ்டிக்கர் அவன் அடித்தது இல்லை. ஐபோன் கதையிலும் ஓரளவு உண்மை இருக்கிறது. ஐபோன் 15இல் 6 ஜிபி, ஐபோன் 16இல் 8 ஜிபிதான். அப்பிள் பெட்டியில் ரேம் கணக்கைப் போடுவதே இல்லை. ஐபோனை இயக்கும் மென்பொருளான ஐஓஎஸ் பின்னணியில் ஆப்களை ஓட விடும் விதம் கடுமையானது, உடனே உறைய வைத்துவிடும், அதனால் குறைந்த ரேமில் சமாளிக்கிறது. அன்ட்ரொய்ட் போனின் ரேமையும் ஐபோனின் ரேமையும் எண்ணை வைத்து ஒப்பிடுவதில் பிரயோசனம் இல்லை.

அந்த + வசதியை நிறுத்திவிடலாமா என்று நிறையப் பேர் கேட்கிறார்கள். என் கருத்து இது: 4 ஜிபி ரேம் உள்ள போன் என்றால் விட்டுவிடுங்கள், கொல்லப்படும் சில ஆப்கள் தப்பிக்கும், மெதுவாகத் திறந்தாலும் விட்ட இடத்தில் திறக்கும். 8 ஜிபி உண்மையான ரேம் இருந்தால் அது இருந்தாலும் ஒன்று இல்லாவிட்டாலும் ஒன்று, நிறுத்தினால் ஸ்டோரேஜில் அத்தனை ஜிபி திரும்பக் கிடைக்கும். சாம்சங் போனில், அதன் மென்பொருளான வன் யுஐயின் 5ஆம் பதிப்பில் இருந்து இதை முழுதாக நிறுத்தலாம், செட்டிங்ஸில் டிவைஸ் கெயார், மெமரி, ரேம் பிளஸ் என்று போனால் கிடைக்கும். மாற்றிய பிறகு போனை ஒருமுறை அணைத்துப் போட வேண்டும். இன்னொரு விஷயம், பிளாஷில் ஒரே இடத்தில் அழித்து அழித்து எழுதுவதற்கு ஒரு வரம்பு உண்டு, அதனால் இந்த வசதி ஸ்டோரேஜைக் கொஞ்சம் கூடுதலாகத் தேய்க்கத்தான் செய்யும். மூன்று நான்கு வருடத்தில் மாற்றப் போகும் போனில் அதை நினைத்துத் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ளத் தேவையில்லை.

இதோடு சேர்த்து ஒரு பழக்கத்தையும் சொல்லவேண்டும். ஐந்து நிமிடத்துக்கு ஒரு தடவை அண்மையில் திறந்த ஆப்களை எல்லாம் மேலே தள்ளித் தள்ளி மூடுவது. பஸ்ஸில் பக்கத்தில் இருப்பவர் செய்வதைப் பார்த்தாலே எனக்குக் கை துறுதுறுக்கும். ரேம் வெறுமையாக இருப்பதால் போனுக்கு ஒரு நன்மையும் இல்லை, வெறும் ரேமும் நிறைந்த ரேமும் ஏறத்தாழ ஒரே அளவு மின்சாரம்தான் எடுக்கும். மூடிய வட்ஸ்அப்பைப் பத்து நிமிடத்தில் மறுபடி திறக்கப் போகிறீர்கள், அப்போது அதை முழுதாக ஸ்டோரேஜில் இருந்து ஏற்ற வேண்டும், அதற்குத்தான் பற்றரி அதிகம் போகும். 2016இல் ஒரு பாவனையாளர் அப்போது அப்பிளின் சிஇஓவாக இருந்த டிம் குக்குக்கு மின்னஞ்சல் அனுப்பி இதையே கேட்டபோது, மென்பொருள் தலைவர் கிரேக் பெடெரிகியிடமிருந்து தேவையில்லை என்றுதான் பதில் வந்தது. ஓர் ஆப் உறைந்து போய்விட்டால் மூடுங்கள், அது வேறு. ரேம் கிளீனர், பூஸ்டர் என்று ரொக்கெட் படத்தோடு வரும் ஆப்களை அழித்துவிடுங்கள். அவையும் ரேமில்தான் உட்கார்ந்திருக்கின்றன, விளம்பரத்தோடு.

சரி, ரேம் போதுமாக இருந்தும் போன் தள்ளாடுகிறதா? அப்போது ஸ்டோரேஜைப் பாருங்கள். ஸ்டோரேஜ் என்றால் எத்தனை ஜிபி என்று மட்டும்தான் கடையில் சொல்வார்கள், எந்த வகை என்று சொல்ல மாட்டார்கள். விலை குறைந்த போன்களில் இஎம்எம்சி 5.1 என்ற பழைய வகை இருக்கும். அதன் பாதை எவ்வளவு வேகமாக ஓடினாலும் ஒரு செக்கனுக்கு 400 எம்பிதான், அதுவும் ஒரு நேரத்தில் படிக்கலாம் அல்லது எழுதலாம், இரண்டும் சேர்ந்து முடியாது. அதை விடப் புதிய யூஎப்எஸ் 2.2 வகையில் படிக்கும் வேகம் 1000 எம்பிக்குப் பக்கத்தில் போகும், படிப்பதும் எழுதுவதும் ஒன்றாக நடக்கும். இன்னும் விலை கூடிய போன்களில் யூஎப்எஸ் 3.1, 4.0 என்று வேகம் இரட்டித்துக்கொண்டே போகிறது. பிளே ஸ்டோர் பின்னால் ஆப்களை அப்டேட் செய்துகொண்டிருக்கும்போது போன் கல்லாகிப் போகிறதே, பெரும்பாலும் அது இஎம்எம்சியின் வேலை. இப்படிப்பட்ட போனில் + போட்டு ரேம் கூட்டினால் என்ன ஆகும் என்று நீங்களே யோசித்துப் பாருங்கள். இருக்கிற மெதுவான பாதையிலேயே அந்தப் பாரத்தையும் ஏற்றுகிறார்கள். போன் மொடலின் பெயரைக் கூகிளில் அடித்து ஸ்டோரேஜ் வகை என்ன என்று பார்த்துவிட்டுக் கடைக்குப் போனால் இந்தப் பிரச்சினை இல்லை. ஒரே விலையில் 8 ஜிபி ரேமோடு இஎம்எம்சி, 6 ஜிபி ரேமோடு யூஎப்எஸ் என்று இரண்டு போன் இருந்தால் நான் யோசிக்காமல் இரண்டாவதை எடுப்பேன்.

ஸ்டோரேஜ் நிறைந்தாலும் போன் மெதுவாகும், அதற்கும் காரணம் பிளாஷின் குணம்தான். பிளாஷில் இருக்கும் ஒரு சின்னத் துண்டை மட்டும் அழித்து எழுத முடியாது, பெரிய கட்டமாகத்தான் அழிக்க வேண்டும். அதில் நல்ல தகவல் இருந்தால் முதலில் அதை வேறு இடத்துக்கு நகர்த்தி, பிறகு கட்டத்தை அழித்து, அப்புறம்தான் புதிதாக எழுதலாம். வெற்றிடம் இருந்தால் இந்த வேலையை இரவில் சார்ஜில் கிடக்கும்போது போன் சத்தமில்லாமல் முடித்துவிடும். 64 ஜிபி போனில் 1 ஜிபிதான் மிச்சம் என்றால் நகர்த்த இடம் ஏது? நீங்கள் போட்டோ எடுக்கும் நேரத்தில்தான் எல்லா வேலையும் நடக்கும்.

64 ஜிபி எப்படி நிறைகிறது என்று கேட்காதீர்கள். சிஸ்டமே ஒரு பங்கைத் தின்றுவிடும், மிச்சத்தில் காலை வணக்கம் படங்கள். குடும்பக் குழு ஒன்று, தோட்டக் குழு ஒன்று, பழைய மாணவர் குழு ஒன்று, டுபாயில் இருக்கும் சித்தப்பா அனுப்பும் வீடியோக்கள், எல்லாக் குழுவிலும் ஒரே ரோஜாப்பூ. வட்ஸ்அப் செட்டிங்ஸில் ஸ்டோரேஜ் அன்ட் டேட்டா என்ற இடத்துக்குப் போய், தானாக இறங்கும் வசதியை நிறுத்தி, மேனேஜ் ஸ்டோரேஜில் பெரிய வீடியோக்களையும் பல தடவை போர்வர்ட் ஆனவற்றையும் தேர்ந்து அழித்தால் பல ஜிபி கிடைக்கும். டேட்டாவும் மிஞ்சும். அம்மாக்களின் போனில் இதைச் செய்வதற்கு முன் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுச் செய்யுங்கள், பேரப்பிள்ளையின் போட்டோவும் அந்த ரோஜாப்பூக்களுக்கு நடுவில்தான் இருக்கும்.

எத்தனை ஜிபி வாங்கலாம்? உண்மையான ரேம், + க்கு முன்னால் இருப்பதை மட்டும் சொல்கிறேன். 2008இல் வந்த முதல் அன்ட்ரொய்ட் போனில் இருந்தது 192 எம்பிதான், அது அந்தக் காலம். இன்றைக்குக் கதைக்கவும் வட்ஸ்அப்புக்கும் மட்டும் என்றால் 4 சமாளிக்கும். படிக்கும் பிள்ளைக்கு, சூமில் வகுப்பு, பக்கத்தில் பிடிஎப், நடுவில் யூடியூப் என்றால் 6க்குக் கீழே போகாதீர்கள். கையில் காசு இருந்தால் 8. விளையாட்டுப் பைத்தியங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை, அவர்களே எனக்குச் சொல்வார்கள். ஏஐ வசதி வேண்டும் என்பவர்களுக்குக் கணக்கு கொஞ்சம் மாறும், போனுக்குள்ளேயே ஓடும் ஏஐ மொடல் முழுதாக ரேமில் ஏறி உட்கார வேண்டும். அப்பிளின் ஏஐ வசதிகள் 6 ஜிபி உள்ள ஐபோன் 15க்குக் கிடைக்காமல், 8 ஜிபி உள்ள 15 புரோவுக்குக் கிடைத்ததைப் பார்த்தாலே தெரியும்.

லெப்டொப்பிலும் கதை இதேதான், ஒரு வித்தியாசம், சிலவற்றில் ரேமைப் பிறகு கூட்டலாம். விண்டோஸ் 11க்கு 4 ஜிபி போதும் என்று மைக்ரோசொப்ட் எழுதிவைத்திருக்கிறது, அதில் உட்கார்ந்து வேலை செய்து பார்த்தவர்கள் அப்படி எழுத மாட்டார்கள். 8இல் தொடங்குங்கள். அப்பிளே 2024 ஒக்டோபரில் மெக்புக் எயாரின் அடிப்படை ரேமை 8இல் இருந்து 16க்கு உயர்த்தியது. பழைய லெப்டொப் ஒன்று ஹார்ட் டிஸ்க்கோடு வீட்டில் கிடந்தால் ரேமைக் கூட்டுவதற்கு முன்னால் அதற்கு ஓர் எஸ்எஸ்டி, அதாவது பிளாஷால் செய்த வேகமான ஸ்டோரேஜ், போடுங்கள், ஆளே மாறிவிடும். ரேம் விலை 2025 கடைசியில் இருந்து ஏறத் தொடங்கியது, ஏஐ சேர்வர்களுக்கே உற்பத்தி திரும்பியதுதான் காரணம். உலகத்தின் பெரும்பங்கு ரேமைச் செய்வது சாம்சங், எஸ்கே ஹைனிக்ஸ், மைக்ரோன் என்ற மூன்று கம்பனிகள். அதில் மைக்ரோன், சாதாரண ஆட்களுக்கு விற்றுவந்த குரூஷியல் பிராண்டையே மூடுவதாக அந்த டிசம்பரில் அறிவித்தது.

செகண்ட் ஹேண்ட் லெப்டொப் பார்க்கப் போகிறவர்கள் கடையிலேயே டாஸ்க் மேனேஜரைத் திறந்து, பெர்போமன்ஸில் மெமரியைத் தொடுங்கள். கீழே ஸ்லொட் (ரேம் துண்டைச் செருகும் இடம்) இரண்டில் ஒன்று பாவனையில் என்று காட்டினால் இன்னொரு ரேம் போட இடம் இருக்கிறது. அப்படி வரி இல்லாவிட்டால், அல்லது சந்தேகமாக இருந்தால், ரேமை போர்டிலேயே ஒட்டிவிட்டார்களா என்று மொடல் பெயரை வைத்துத் தேடிப் பாருங்கள், ஒட்டியதென்றால் இருக்கிறதுதான் கடைசிவரை. ரேம் துண்டு வாங்கும்போது உங்கள் லெப்டொப்புக்குரிய ரேம் வகை டிடிஆர்4ஆ டிடிஆர்5ஆ என்று எழுதிக்கொண்டு போங்கள், ஒன்றின் இடத்தில் மற்றது பொருந்தாது.